கொப் ஆகக் குறைஞ்சது மூண்டு

சப்பாத்தை அந்தத் தட்டிலை விடுங்கோ, பிள்ளை. நிலத்திலை வேண்டாம், பனி கரைஞ்சு தண்ணி ஓடும், பேந்து ஆர் துடைக்கிறது? ஓம், அதிலை தான். யக்கெற்றையும் கழட்டுங்கோ. இஞ்சை ஆரும் யக்கெற்றோடை இருக்கிறேல்லை. இருங்கோ. அந்தக் கதிரை இல்லை, அது என்ரை அவர் இருந்த கதிரை. இதிலை இருங்கோ.

போனிலை என்ன கேட்டனீங்கள்? "ஆன்ட்டி, ரூம்ல ஹீட்டிங் நல்லா இருக்குமா?" எண்டு. வாடகை கேக்கேல்லை, பஸ் எங்கை நிக்கும் எண்டு கேக்கேல்லை, எடுத்த எடுப்பிலை சூடு. நல்ல கேள்வி தான், பிழை சொல்லேல்லை. ஆனால் இந்த வீட்டிலை அதுக்கு ஒரு சொல்லிலை மறுமொழி சொல்லேலாது. மேலை இருக்கிற ரூம் என்ரை மகள் நிருஜாவின்ரை ரூம். அது ஏன் வெறுமையாக் கிடக்குது எண்டு நினைக்கிறியள்? எல்லாம் இந்தச் சூட்டாலை வந்த கோதாரி தான்.

நீங்கள் எந்த ஊர் எண்டனீங்கள்? கரூரோ. அப்ப முதலிலை ஒண்டு விளங்கப்படுத்தோணும், இல்லாட்டி என்ன சண்டை எண்டே உங்களுக்குப் பிடிபடாது. நீங்கள் "உங்கப்பா" எண்டுவியள், என்ன? நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள் "கொப்பா" எண்டுவம். "கொப்பா எங்கையடா?" எண்டால் உன்ரை அப்பா எங்கை எண்டு கருத்து. உரிமையோடையும் சொல்லுறது, கோவத்திலையும் சொல்லுறது. கொப்பா, கொம்மா. விளங்குதே? சரி.

என்ரை மனுசன் செத்துப் போகேக்கை நிருஜாவுக்கு ஏழு வயசு. வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்குது. நான் கோப்பை கழுவுற வேலைக்குப் போறன். காணாது. என்ன செய்யிறது, கீழ் அறையை ரெண்டு பெடியளுக்கு வாடகைக்குக் குடுத்தன். நல்ல பெடியள், என்னை அக்கா எண்டு தான் கூப்பிடுவாங்கள். ஆனால் எங்கடை சனத்தின்ரை வாய் சும்மா கிடக்குமே? கோயிலுக்குப் போனால் குசுகுசு. கடைக்குப் போனால் குசுகுசு. "கமலாம்பிகை வீட்டிலை ஆம்பிளையளுக்குக் குறைவில்லை" எண்டு ஒருத்தி என்ரை காது கேக்கத் தான் சொன்னவள். நான் அழேல்லை. அழுதால் அவளவைக்குச் சந்தோசமாப் போயிடும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான். அதுக்குப் பிறகு தான் பொம்பிளைப் பிள்ளையளுக்கு மட்டும் எண்டு வைச்சது.

இதெல்லாம் ஏன் சொல்லுறன் எண்டு பாக்கிறியள். சொல்லுறன், பொறுங்கோ.

போன வருசம், இலையெல்லாம் கொட்டி முடியிற நேரம், வீட்டைச் சூடாக்கிற எங்கடை பழைய மிசின், ஃபேணஸ், சாகிற நிலைக்கு வந்திட்டுது. போட்டால் கத்தும், பேந்து நிண்டிடும். அந்த நேரம் பாத்து நிருஜா, "அம்மா, ஒருத்தர் இருக்கிறார்" எண்டாள். முப்பது வயசு, வங்கியிலை வேலை, வந்த சம்பந்தம் எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம் எண்டு தட்டினவள். ஆர் எண்டன். மயூரதனாம். என்ன வேலை எண்டன். வீடுகளுக்கு ஹீற் பம்ப் பூட்டுறவராம். "பூட்டுறவனோ?" எண்டு கேட்டன். "சொந்தக் கொம்பனி, அம்மா" எண்டாள். சொந்தக் கொம்பனி எண்டால் என்ன, ஒரு வானும் ரெண்டு ஏணியும். எண்டாலும் சரி, வரச்சொல்லு எண்டன். நான் ஒண்டும் கல்லு இல்லை, பிள்ளை.

அவனும் தாயும் வந்தினம். தாயின்ரை பேர் இராசமலர். உள்ளுக்கு வந்தவுடனை நேரை போய் என்ரை மனுசன்ரை கதிரையிலை குந்தினா. அவவுக்கு எப்பிடி அம்மா தெரியும் எண்டு நிருஜா பேந்து கேட்டாள். தெரியாட்டிக் கேக்கிறது தானே! வாய் எதுக்கு இருக்கு? மினுங்கிற சீலை, கழுத்து நிறையச் சங்கிலி, வீட்டைச் சுத்திச் சுத்தி ஒரு பார்வை. எண்டாலும் பயத்தம் பணியாரம் சுட்டு வைச்சனான், கட்லற் பொரிச்சனான், எல்லாம் வடிவாக் குடுத்தன். தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ளை போனன்.

குசினிக்கும் அறைக்கும் இடையிலை ஒரு சுவர் தான். அவன் எழும்பிப் போய், நிலத்திலை சூட்டுக் காத்து வாற துவாரத்திலை கை வைச்சுப் பாக்கிறான் போலை. நிருஜாவோடை கதைக்கிறது கேக்குது. என்ன சொல்லுறான் தெரியுமே?

"நிரு, உங்கடை வீட்டுக்குக் கொப் ஆகக் குறைஞ்சது மூண்டு இருக்கும்."

எனக்கு என்ன கேட்டிருக்கும்? நீங்களே சொல்லிப் பாருங்கோ. கெதியாச் சொல்லுங்கோ, அவன் சொன்ன வேகத்திலை. கொப்பா. குறைஞ்சது மூண்டு. கோப்பை நிறைஞ்சு தேத்தண்ணி தட்டத்திலை ஊத்துது. அதோடை விட்டானோ? ஒரு சிரிப்பு. "நல்ல நாளிலை நாலும் வரும், குளிர் கூடினால் ரெண்டு" எண்டான். தாய்க்காரி, "வெளியாலை இருந்தே எடுக்கிறது?" எண்டா. "ஓமம்மா, ஒண்டு தான் வீட்டுக்காரர் குடுக்கிறது, மிச்சம் ரெண்டும் வெளியாலை இருந்து வாறது" எண்டான்.

வீட்டுக்காரர் ஒண்டு. வெளியாலை இருந்து ரெண்டு. என்ரை மனுசனும் அந்த ரெண்டு பெடியளும். எண்ணிப் பாருங்கோ, பிள்ளை. இருவது வருசத்துக்கு மேலை நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்த கதையை, என்ரை பணியாரத்தைத் திண்டுகொண்டு, என்ரை வீட்டுக்குள்ளையே இருந்து, என்ரை பிள்ளைக்குச் சொல்லிச் சிரிக்கினம் எண்டு தானே நான் நினைப்பன்? வேறை என்னத்தை நினைக்கிறது?

தட்டத்தைக் கொண்டு வந்து மேசையிலை வைச்சன். எறியேல்லை. அம்மா எறிஞ்சவ எண்டு நிருஜா ஊரெல்லாம் சொல்லித் திரியிறாள். வைச்சன். சத்தமா வைச்சன். ஒரு கோப்பை தானா விழுந்து உடைஞ்சது.

"எழும்புங்கோ ரெண்டு பேரும்" எண்டன். அந்த மனுசி, "என்ன அக்கா?" எண்டு முழிக்கிறா. நடிப்பு! "உங்கடை மோனுக்குக் கொப்பா எத்தினை எண்டு வீட்டை போய் எண்ணிப் பாத்திட்டு, பேந்து என்ரை வீட்டுக் கணக்கைப் பாருங்கோ" எண்டன். அவ அப்பிடியே கதிரையிலை இருந்து எழும்பேலாமல் நிலத்தைப் பாத்தா. அவன் தான் தாயின்ரை கையைப் பிடிச்சு எழுப்பினவன். கதவடியிலை தாய்க்குச் சப்பாத்துப் போட்டு விட்டதும் அவன் தான். என்ரை கோப்பை உடைஞ்சு கிடந்தது, அதை ஆர் பாத்தது?

அவை போன பிறகு நிருஜா நிலத்திலை இருந்து அழுறாள். அழுதழுது விளங்கப்படுத்துறாள். இங்கிலீசிலை மூண்டு எழுத்தாம், சீ, ஓ, பி. சேத்து வாசிச்சால் கொப்பாம். அந்த மிசினுக்கு ஒரு பங்கு கரண்டு குடுத்தால் எத்தினை பங்கு சூடு வரும் எண்ட கணக்காம். மூண்டு எண்டால் ஒரு பங்குக்கு மூண்டு பங்கு. அது சூட்டை எரிச்சு உண்டாக்கிறேல்லையாம், வெளிக்காத்திலை கிடக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள்ளை விடுறதாம். கரண்டு ஒரு பங்கு, மிச்சம் ரெண்டு பங்கு வெளியாலை இருந்து. அதைத் தான் அவன் தாய்க்கு விளங்கப்படுத்தினவனாம்.

சரி, விளங்கினது. நான் ஒண்டும் மூளையில்லாத மோட்டுப் பொம்பிளை இல்லை. ஆனால் நான் கேக்கிறன், ஒரு வளந்த ஆம்பிளை, புருசன் இல்லாத பொம்பிளையின்ரை வீட்டிலை இருந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொல்லலாமோ? சீ-ஓ-பி எண்டு எழுத்தெழுத்தாச் சொன்னால் நாக்குத் தேஞ்சு போயிடுமோ? நிருஜா, "அம்மா, ஒருக்காப் போன் எடுத்து, பிழையா விளங்கிப் போட்டன் எண்டு சொல்லுங்கோ, அந்த மனுசி மூண்டு நாளாச் சாப்பிடேல்லையாம்" எண்டாள். நான் ஏன் சொல்லோணும்? பிழையாச் சொன்னது அவன். பிழையாக் கேட்டது நான். முதல் ஆர் பிழை விட்டது?

அப்ப நான் ஒரு முடிவெடுத்தன். அவன்ரை அந்த மூண்டு எண்ட கதையே பொய் எண்டு காட்டாமல் விடுறேல்லை எண்டு. இந்தப் போனிலை வீடியோ வீடியோவாப் பாத்தன். சமையல் வீடியோ பாக்கிறதை விட்டிட்டு ஹீற் பம்ப் வீடியோ பாத்த பொம்பிளை ஸ்காபரோவிலை நான் ஒருத்தியாத் தான் இருப்பன். பிடிச்சன் பாருங்கோ ஆளை! அந்த மூண்டு எண்டது மெல்லிய குளிரிலை, தண்ணி உறையாத நாளிலை சோதிச்சு எடுத்த இலக்கம். சரியான குளிர் வந்தால் அது ரெண்டுக்கும் கீழை விழும். நிருஜா வேலையாலை வர, வாசலிலை வைச்சுப் பிடிச்சன். "உன்ரை ஆள் சொன்ன மூண்டு சுத்தப் புளுகு, குளிருக்கு அது ரெண்டு தான்" எண்டன். அவள் என்னைப் பாத்து, "அவர் அண்டைக்கே சொன்னவர் அம்மா, குளிர் கூடினால் ரெண்டு எண்டு" எண்டாள். அது எனக்குக் கேக்கேல்லை. குசினியிலை நிண்டவளுக்கு எல்லாம் கேக்குமே?

அவள் பாவம், அதோடையாவது விட்டிருக்கலாம். விடேல்லை. என்னை இருத்திவைச்சுப் படிப்பிக்கத் துவங்கிட்டாள். "அம்மா, கொப் எண்டது ஒரு சோதினையிலை எடுத்த மாக்ஸ். குளிர்காலம் முழுக்க எப்பிடி ஓடும் எண்டதுக்கு வேறை இலக்கம் இருக்கு, எச்.எஸ்.பி.எஃப். எண்டு. வருசம் முழுக்க எடுத்த மாக்ஸ் மாதிரி. வீட்டுக்காரர் பாக்கவேண்டியது அது தான். அதோடை, இஞ்சத்தைக் குளிருக்குக் கணக்குப் பாத்த இலக்கமோ, சூடான ஊருக்குக் கணக்குப் பாத்ததோ எண்டும் கேக்கோணும்." ஒவ்வொரு சொல்லும் அவன்ரை சொல். என்ரை பிள்ளையின்ரை வாயாலை அவன் கதைக்கிறான். எனக்கு அது தான் பத்தி எரிஞ்சது. நான் காது குடுக்கேல்லை.

அதுக்குள்ளை ஃபேணஸ் முழுசாச் செத்துப் போச்சுது. நிருஜா வேலைக்குப் போன நேரம் பாத்து, வேறை ஒரு கொம்பனியைக் கூப்பிட்டன். கோட்டுப் போட்ட ஒருத்தன் வந்தான். மிசினின்ரை படங்களைக் காட்டினான், ஒவ்வொண்டுக்கும் கீழை மஞ்சள் லேபிள். நான் ஒண்டு தான் கேட்டன். "இதிலை ஆகப் பெரிய இலக்கம் எது?" அவன் தேடிப் பாத்திட்டு, "இருவது" எண்டான். அவனும் ஏதோ சொல்ல வந்தவன், "ஆனால் மேடம், சூட்டுக்கு எண்டால்" எண்டு இழுத்தான். "ஆனாலும் வேண்டாம் ஆவன்னாவும் வேண்டாம், அந்த இருவதைப் பூட்டு" எண்டன். அவன் மூண்டு எண்டான், நான் இருவது வாங்கினன்! அண்டைக்கு இரவு நான் வடிவாச் சாப்பிட்டன், பிள்ளை.

நிருஜா வந்து லேபிளைப் பாத்தாள். போனை எடுத்து லேபிளுக்கு வெளிச்சம் அடிச்சாள். பேந்து, "அம்மா, இந்த இருவது எண்டது சீர்" எண்டாள். உங்கடை ஊரிலை சீர் எண்டால் கலியாணத்துக்குக் குடுக்கிறது, என்ன? இது அது இல்லை. வெயில் காலத்திலை வீட்டை எவ்வளவு சிக்கனமாக் குளிராக்கும் எண்ட இலக்கமாம். "சூட்டுக்கு உரிய இலக்கம் இந்தா, கீழை சின்னனாக் கிடக்கு. இதைத் தான் பாத்து வாங்கோணும். இது குளிருக்கு நிண்டு பிடிக்கிற மிசின் இல்லை, அம்மா." நான் விட்டனோ? "பெரிய எழுத்திலை இருக்கிறதை விட்டிட்டு, சின்ன எழுத்தை ஏன் பாப்பான்? வெயிலுக்கு இருவது ஓடினால் குளிருக்குப் பத்தாவது ஓடாதே?" எண்டன். "கனடாவிலை வெயில் எத்தினை நாளம்மா?" எண்டாள். "அதை எனக்கு ஏன் கேக்கிறாய், கனடாவைக் கேள்" எண்டன்.

தை மாதம் வந்தது.

நீங்கள் புதுசு, உங்களுக்கு இஞ்சத்தைத் தை தெரியாது. எங்கடை ஊரிலை தை எண்டால் பொங்கல், வெயில், மாவிலை. இஞ்சை மூச்சு விட்டால் மூக்குக்குள்ளை உறையும். கண்டறியாத அந்த மிசின் வெளியிலை நிண்டு உறுமுது, உள்ளுக்கு வாறது சாவுக்காத்து. உள்ளுக்கு ஒரு கரண்டுக் கம்பி இருக்கு, மிசினுக்கு ஏலாட்டி அது எரியும். அது ஒண்டு குடுத்தால் ஒண்டு தான் தரும், ரெண்டும் இல்லை மூண்டும் இல்லை. நாள் முழுக்க அது எரியுது. கரண்டு பில் வந்தது, அதை விடுங்கோ. நான் வீட்டுக்குள்ளை யக்கெற், காலுக்கு மூண்டு சோக்ஸ், தலையிலை மனுசன்ரை கம்பளித் தொப்பி. நிருஜா வாயே திறக்கேல்லை. கேத்திலிலை தண்ணி கொதிக்க வைச்சு எனக்குச் சுடுதண்ணிப் போத்தல் கட்டித் தருவாள், பேந்து தன்ரை ரூமுக்குப் போயிடுவாள். அவள் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பன். பேசாமல் இருக்கிறதுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?

ஒருநாள் போத்தலைத் தந்திட்டு எனக்கு முன்னாலை இருந்தாள். "அம்மா, நான் அவரைத் தான் கட்டப் போறன்" எண்டாள். "எங்கை கட்டினாலும் கட்டு" எண்டன். "நீங்கள் மன்னிப்பெண்டு ஒண்டும் கேக்கவேண்டாம். ஒருக்கா அவரை உள்ளுக்குக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடுங்கோ. அவ்வளவு தான். அவரும் அவரின்ரை அம்மாவும் எல்லாத்தையும் மறந்திடுவினம். அதுவும் ஏலாதெண்டால், நான் இந்த வீட்டாலை போயிடுவன். பேந்து வரமாட்டன்." அவள் கத்தேல்லை. மெதுவாத் தான் சொன்னாள். நான் சுடுதண்ணிப் போத்தலை இறுக்கிக் கட்டிப் பிடிச்சன். எனக்கு அவளை விட்டால் ஆர் இருக்கினம், பிள்ளை? ஆனால் தாய்க்கு நிபந்தனை போடுறாளே! தேத்தண்ணியாம். ஒரு தேத்தண்ணியிலை என்னைக் குனிய வைக்கப் பாக்கினம்.

அதுக்கு அடுத்த கிழமை, கொட்டின பனியிலை வெளி மிசின் முழுக்க ஐஸ் கட்டி, காத்தாடி சுத்தாமல் நிண்டிட்டுது. கோட்டுக்காரன் போன் எடுக்கிறேல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலிலை ஒரு வான். அவன். நிருஜா கூப்பிட்டிருக்கிறாள், எனக்கு ஒரு சொல் சொல்லாமல். நான் கதவைப் பாதி திறந்துகொண்டு நிண்டன். "வணக்கம் அன்ரி" எண்டான். "மிசின் வெளியிலை தானே நிக்குது, உள்ளுக்கு என்ன வேலை?" எண்டன். "ஓம் அன்ரி" எண்டிட்டுப் போய் வேலையைத் துவங்கினான். ஓம் அன்ரியாம்! ஒரு கோவம், ஒரு முகச்சுழிப்பு இருந்தாலாவது மனுசன் எண்டு சொல்லலாம்.

நிருஜா என்னட்டை வந்து, "முடிச்சிட்டு வர, ஒரு தேத்தண்ணி, அம்மா" எண்டாள். நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. அவள் ஓம் எண்டு எடுத்திட்டாள் போலை. அவளின்ரை முகம் அப்பிடி மலந்ததை நான் கனகாலத்துக்குப் பிறகு கண்டன். கேத்திலைப் போட்டாள். கோப்பை எடுத்து வைச்சாள். ஐஸ் கரைக்க அவனுக்கு இளஞ்சூட்டுத் தண்ணி வேணுமாம், வாளியிலை நிரப்பி நிரப்பிக் குசினிக் கதவாலை கொண்டோடுறாள். வீட்டுச் செருப்போடை, ஒரு சுவெற்றரோடை. கதவு திறக்கத் திறக்க இருந்த கொஞ்சச் சூடும் போகுது. "கதவைச் சாத்தடி" எண்டு கத்தினன். அவளுக்குக் கேக்கேல்லை, யன்னலாலை பாத்தால் அவனோடை குனிஞ்சு நிண்டு சிரிக்கிறாள். என்னோடை ஒரு நாளும் சிரிக்காத சிரிப்பு. கதவு காத்துக்கு ஆடுது. அதாலை தான் உள்ளாலை கொழுவிப் பூட்டினன். காத்துக்கு. வேறை ஒண்டுக்கும் இல்லை.

கோட்டுக்காரன் பிழையாப் பூட்டின ஏதோ ஒண்டையும் அவன் கழட்டி மாத்தினவன் போலை, பேந்து துவாரத்தாலை காத்து வரத் துவங்கினது. முதல் குளிர்க் காத்து. பேந்து குளிரும் இல்லாத சூடும் இல்லாத பச்சைக் காத்து. பேந்து, கடவுளே, சூடு. நான் இந்தக் கதிரையை இழுத்துத் துவாரத்துக்கு மேலை போட்டன். சோக்ஸ் எல்லாத்தையும் கழட்டினன். எத்தினை நாளைக்குப் பிறகு என்ரை கால் விரலை நான் கண்டன் தெரியுமே? சூடு காலாலை ஏறி, முழங்காலுக்கு வந்து, நாரி, இடுப்பெல்லாம் பரவ, கண் தானாச் சொருகினது. நித்திரையாப் போனன். சூடு வந்தால் நித்திரை வராதே? ஒரு மாசம் நடுங்கின உடம்பு. அவன் அரைகுறையா வேலை செய்திருந்தால் நான் முழிச்சிருந்திருப்பன். அதுக்கும் நானே பிழை?

அவை வந்து கதவைத் தட்டினது எனக்குத் தெரியாது. முதல் கையாலை தட்டினவள். மெதுவா, ரெண்டு தரம். பேந்து கொஞ்சம் பலமா. "அம்மா, கதவு கொழுவிக் கிடக்கு" எண்டாள். பேந்து அவன் ஏதோ இரும்புச் சாமானாலை கண்ணாடியிலை தட்டினவன், டிக் டிக் எண்டு. அடுப்பிலை கேத்தில் விசிலடிக்குது, அது வேறை. நிருஜா, "அம்மா, எனக்குக் கால் விறைக்குது" எண்டாள். பேந்து கதவிலை வாயை வைச்சுக் கேட்டாள், "அம்மா, சூடு வந்திட்டுதோ?" எண்டு.

அதுக்கும் சத்தம் இல்லை எண்டாப் போலை, அவன் தான் சொன்னவன். "விடும் நிரு, அன்ரி நித்திரையாக்கும், எழுப்பாதையும். வாரும், வானுக்குள்ளை போவம்" எண்டு.

என்ன, அப்பிடிப் பாக்கிறியள்? நித்திரையிலையும் காது கேக்கும் தானே. அவனே தன்ரை வாயாலை சொன்னவன், அன்ரி நித்திரை எண்டு. பேந்தென்ன சாட்சி வேணும்? நான் நித்திரை எண்டு அவனுக்கே தெரிஞ்சிருக்கு, பெத்த பிள்ளைக்குத் தெரியேல்லையே!

வான் போன சத்தம் கேட்டு, கேத்திலை நிப்பாட்டத் தான் எழும்பினனான். கதவைத் திறந்து பாத்தன். வாளியை அவன் கவிழ்த்து ஒழுங்கா வைச்சிட்டுப் போயிருக்கிறான். அவள் வரேல்லை. நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்து வந்து தன்ரை சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு போயிட்டாள். பங்குனியிலை கலியாணம். அந்த இராசமலர் கலியாண அழைப்புக் காட்டோடை வந்து, வாசலிலை நிண்டு, "நீங்கள் வந்து முன்னுக்கு நிக்கோணும் அக்கா" எண்டு கையைப் பிடிச்சவ. நான் போகேல்லை. கூப்பிட்டவுடனை ஓடுறதுக்கு நான் ஆர்? நிருஜா கூப்பிடேல்லையே. அவள் வந்து அம்மா எண்டு கூப்பிட்டிருந்தால்... அவள் வரேல்லை. அவளுக்கு இப்ப பிள்ளைப்பெறுவாம், கோயிலிலை ஆரோ கதைச்சினம்.

அது கிடக்கட்டும். மேலை போய் ரூமைப் பாருங்கோ. துவாரத்திலை கையை வைச்சுப் பாருங்கோ. எப்பிடிச் சூடு? அண்டையிலை இருந்து ஒரு நாள் கரைச்சல் தரேல்லை. இருவது எண்டால் இருவது தான், நான் சொன்னனே, ஆர் கேட்டது?

பிடிச்சிருக்கெண்டால் நாளைக்கே வரலாம். சமைக்கலாம், மீன் காச்சலாம், நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஒண்டே ஒண்டு. முன் கதவுக்கும் குசினிக் கதவுக்கும் திறப்புத் தாறன், நீங்கள் சாவி எண்டுவியள், குப்பை போட வெளியிலை போறதெண்டாலும் கையிலை கொண்டு போங்கோ. மறந்துபோய் விட்டிட்டு, அம்மா, அன்ரி எண்டு தட்டிக்கொண்டு நிக்காதேங்கோ, பிள்ளை. நான் நித்திரையா இருப்பன்.